உன் அப்பாவுக்கு நான் எழுதிக்கொடுத்த இரண்டாம் தாரம்

உ

வென்ட்வேர்த்வில், சிட்னி
14.8.1978, திங்கட்கிழமை

என் மகள் அபிராமிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் தம்பி வைத்தியும் இங்கே வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் நம் தையற்காரி லானும் அங்கே காய்ச்சல் தலைவலி இல்லாமல், கையில் இருக்கிற அரிசி தீராமல் இருக்க வேண்டும் என்று நம் சைகோன் மாரியம்மனை வேண்டிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், மூன்றாம் வகுப்போடு நின்றவள் கை. வைத்தியிடம் சொன்னால் அழகாக எழுதித் தருவான், ஆனால் இதை அவனிடம் சொல்லி எழுத எனக்கு வாய் வராது. இது தபாலில் வரவில்லை, தபாலில் வந்தால் உங்கள் வட்டாரக் காரியாலயத்தில் பிரித்துப் பார்ப்பார்கள் என்று நீயே எழுதியிருந்தாய். கோபாலகிருஷ்ணன் என்று நம் ஊர்ப் பக்கத்து நிரவிக்காரர் ஒருவர், கோதுமை ஏற்றிக்கொண்டு சைகோனுக்கு வருகிற கப்பலில் சமையல் வேலை பார்க்கிறார், அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். புதன்கிழமை காலை கப்பல் கிளம்புகிறது, அதற்குள் எழுதி முடிக்க வேண்டும். கோதுமை இறக்க நாலைந்து நாள் ஆகும், அதற்குள் எப்படியாவது உன்னை வந்து பார்ப்பதாகச் சத்தியம் செய்திருக்கிறார். நல்ல மனிதர், பேச்சு கொஞ்சம் அதிகம், அவர் எதைக் கேட்டாலும் ஆமாம் இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்.

உன் கடிதம் பாரிசு போய் அங்கிருந்து இங்கே வர ஏழு வாரம் ஆகிவிட்டது. நம் ஜவுளிக்கடையை அரசாங்கத்தார் மார்ச் மாதமே மூடி முத்திரை வைத்ததையும், பீரோவில் இருந்த துணியை முழம் போட்டு எழுதி எடுத்துப் போனதையும் படித்தேன், அதற்கு நான் அழவில்லை, துணிதானே. கடை வைத்திருந்தவர்களை எல்லாம் காட்டை வெட்டிப் பயிர் வைக்கிற அந்தப் புது ஊர்களுக்கு அனுப்புகிறார்கள் என்றும், உன் பெயரும் லான் பெயரும் தாயும் மகளும் என்று ஒரே வரியில் பட்டியலில் ஏறிவிட்டது என்றும், புரட்டாசி முடிவதற்குள் லாரி வரும் என்றும் எழுதியிருந்தாய் பார், அதைப் படித்துவிட்டு நான் குசினியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். குசினி என்று எழுதிவிட்டேன், அடுப்படிதான், பக்கத்து வீட்டு யோகராணியோடு பேசிப் பேசி எனக்கும் அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டது. அவள் யாழ்ப்பாணத்துப் பெண், ஆஸ்பத்திரியில் நர்ஸ், உன் அப்பா கடைசியாகப் படுத்திருந்தபோது தன் வேலை முடிந்த பிறகும் வந்து உட்கார்ந்திருந்தவள், அவள் குழந்தையைப் பகலில் நான் பார்த்துக்கொள்கிறேன். கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய், எனக்கு மனு கினு போட வேண்டாம் அம்மா, மாவைத் தனியாக அந்தக் காட்டுக்கு அனுப்பிவிட்டு நான் எப்படி விமானம் ஏறுவேன், அவளுக்கு அறுபத்திரண்டு வயசு, மண்வெட்டி தூக்கத் தெரியாது, தையல் மெஷினைத் தவிர ஒன்றும் தெரியாது என்று. மா என்று, அந்தப் பாஷையில் அம்மா என்று, நீ லானை எழுதினது என்னை ஊசி போலக் குத்தியது, பொய் சொல்ல மாட்டேன். பிறகு யோசித்தேன், அப்படிக் கூப்பிடச் சொல்லிக் கொடுத்ததே நான்தானே.

உனக்குத் தெரியாத கதை இல்லை, ஆனால் என் வாயால் ஒரு நாளும் உன்னிடம் நான் சொன்னதில்லை, அதனால் இப்போது சொல்கிறேன், கேள். உனக்குப் பத்தொன்பது வயசு நடந்தபோது, ஐம்பத்தாறாம் வருஷம், வெளிநாட்டுக்காரன் எவனும் ஜவுளிக்கடை வைத்திருக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. சீனாக்காரர்களும் நம் ஆட்களும் ஓடி ஓடிக் கடையை வேறு பெயருக்கு மாற்றினார்கள். வியட்நாம் பெண்சாதி உள்ளவர்கள் அவள் பெயரில் வைத்தார்கள், இல்லாதவர்கள் கணக்கப்பிள்ளை பெயரில் வைத்துவிட்டு அவனிடமே கைகட்டி நின்றார்கள். உன் அப்பாவுக்கு யாரையும் நம்ப மனசு வரவில்லை. அப்போதுதான் ஒருவர் சொன்னார், உங்கள் மகளையே வியட்நாம்காரி ஆக்கிவிடுங்கள், வியட்நாம் தாய்க்கு அப்பன் பெயர் தெரியாமல் பிறந்தவள் என்று கோர்ட்டில் ஒரு பத்திரம் வாங்கினால் போதும், கடை வீட்டை விட்டுப் போகாது என்று. லான் நம் கடை வாசலில் மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள், நீ பிறந்த அன்று மருத்துவச்சியைக் கூட்டிவர ஓடினவளும் அவள்தான், உன்னை முதலில் கையில் வாங்கினவளும் அவள்தான். அவளிடம் கேட்டோம். அவள் காசு கேட்கவில்லை, கடை போனால் என் மெஷினை எங்கே கொண்டுபோய்ப் போடுவேன் என்று சிரித்துக்கொண்டே வந்து கோர்ட்டில் கையெழுத்து வைத்தாள். உன் பழைய பிறப்புச் சீட்டை நான்தான் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதை அவர்கள் ரத்து செய்து வைத்துக்கொண்டார்கள். புதுச் சீட்டில் தாய் என்ற இடத்தில் லான் பெயர், தகப்பன் என்ற இடத்தில் ஒரு கோடு. உன் அப்பா அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெறும் காகிதம்தானேடி என்றார். நானும் வெறும் காகிதம்தானே என்றேன். அந்தக் காகிதத்தில்தான் இருபது வருஷம் சாப்பிட்டோம், வைத்தி இந்த ஊருக்குப் படிக்க வந்ததும் அதில்தான்.

அந்தக் காகிதம் உன்னை என்ன செய்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. திருமலைராயன்பட்டினத்திலிருந்து உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் கோயிலில் யாரையோ விசாரித்துவிட்டு, காபிகூடக் குடிக்காமல் போனார்கள். பட்டாணிக்கடை விஜயா மாரியம்மன் சந்நிதியில் வைத்தே, "என்னக்கா மறைக்கிறீங்க, பொண்ணோட கலரைப் பாத்தாலே தெரியுதே, உங்க வீட்டுக்காரர் வாசல்ல மெஷின் போட்டது துணி தைக்க மட்டுமா?" என்று கேட்டாள். நான் அவள் தட்டிலிருந்த தேங்காயைப் பிடுங்கித் தரையில் அடித்தேன், ஐயர் வந்து விலக்கினார், உனக்கு நினைவிருக்கும். அன்றிலிருந்து இருபது வருஷமாக யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் நான் பெற்றேன் நான் பெற்றேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அது எனக்கு ஒரு வைராக்கியமாகவே போய்விட்டது. எழுபத்தாறில் வெளிநாட்டுக்காரர்கள் எல்லாரும் கிளம்புங்கள் என்று விமானம் ஏற்றினார்களே, அப்போது எங்கள் இரண்டு பேர் பாஸ்போர்ட்டிலும் முத்திரை குத்தினவன் உன் சீட்டைப் பார்த்துவிட்டு, இவள் இந்த நாட்டுப் பெண், இவளுக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டான். உன் அப்பா வாயைத் திறந்தார், நீதான் முந்திக்கொண்டு, கடை முதலாளி நான், இவர்கள் என் கடையில் வேலை பார்த்தவர்கள் என்று அவன் பாஷையில் சொன்னாய். எங்களைக் காப்பாற்றத்தான் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். விமானத்தில் உன் அப்பா அதையே சொல்லிக்கொண்டு வந்தார், பார்த்தாயா, நம்மை வேலைக்காரர் என்று சொல்லிவிட்டாள், கெட்டிக்காரி என்று. சிரித்துக்கொண்டே சொன்னவர் பாங்காக் வருவதற்குள் போர்வையை முகத்தில் போட்டுக்கொண்டார். இங்கே வந்து இறங்கினபோது படிவத்தில் பிள்ளைகள் எத்தனை பேர் என்ற கட்டத்தில் ஒன்று என்று எழுதினார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உன் அப்பா போய் நாளையோடு எழுபது நாள். தந்தி கிடைத்ததும் நீயும் லானும் கோயிலில் மோட்ச விளக்கு ஏற்றியதாக எழுதியிருந்தாய், ஐயர் இல்லாத கோயிலில் நீயே ஏற்றினாயாமே, அதுவே போதும். கடைசி வாரம் அவருக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. ஒரு நாள் காலையில் நல்ல தெளிவோடு என்னைக் கூப்பிட்டு, "பெரியவளுக்கு என் பேரே இல்லையேடி, நான் போனா அவ யாருக்குன்னு தலை முழுகுவா, அவ தலை முழுகக்கூட அந்தக் காகிதம் விடாது" என்றார். நான் அதெல்லாம் முழுகுவாள், பேசாமல் கஞ்சியைக் குடியுங்கள் என்றேன். அப்படி அதட்டியிருக்கக் கூடாது. அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசினது தண்ணீர் என்ற ஒரு சொல்தான். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் அந்தக் கஞ்சிதான் நினைவுக்கு வருகிறது அபிராமி.

இனி விஷயத்துக்கு வருகிறேன், கவனமாகப் படி. உள்ளதை உள்ளபடி சொல்லி உனக்கு மனுப் போடலாம் என்றுதான் முதலில் வைத்தி நினைத்தான். பெயர் ஊர் சொல்லாமல் குடியேற்றக் காரியாலயத்தில் போய் விசாரித்தான். சீட்டில் வேறு தாய் இருக்கிறாள், தகப்பன் இல்லை, ரத்தான பழைய சீட்டும் கையில் இல்லை, வெறும் வாய்ப்பேச்சை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, சைகோனுக்கு எழுதிக் கேட்போம் என்றார்களாம். எழுதிக் கேட்டால் என்ன ஆகும்? அன்றைக்குக் கோர்ட்டில் பொய் சொன்னவள் என்று லானைத்தான் பிடித்துக்கொண்டு போவார்கள். நீ வந்தாலும் அவள் மாட்டிக்கொள்வாள், அப்படி நீ வரவும் மாட்டாய். மூன்று நாள் எனக்குத் தூக்கம் இல்லை. அப்புறம் ஒரு நாள் யோகராணி அந்தப் படிவத்தை எனக்குத் தமிழில் வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள், வாசித்துக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டு, "அன்ரி, கோவிக்கக் கூடாது, அங்கிளுக்கு அங்கை வேறை குடும்பம் ஏதும் இருந்ததோ? அப்பிடியெண்டால் இவ்வளவு கஷ்டமே இல்லை, தாயையும் மகளையும் சேத்தே கூப்பிடலாம், எங்கட ஆஸ்பத்திரியிலை ஒரு மலாயாக்காரர் அப்பிடித்தான் கூப்பிட்டவர்" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் குழந்தையை இறக்கிவிட்டு எழுந்து போய்விட்டேன். விஜயா கேட்டதையே இவளும் கேட்கிறாளே என்று இருந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. கழுவின கையைக்கூடத் துடைக்காமல் திரும்பி வந்து, இன்னொரு தடவை சொல் யோகா, தாயையும் சேர்த்தா என்று கேட்டேன். "ஓம் அன்ரி, கலியாணம் எழுதாட்டிலும் பரவாயில்லை, மூத்த மனுசியே வந்து ஓம் இருந்தது எண்டு சத்தியக் கடதாசி குடுத்தால் ஆர் இல்லையெண்டு சொல்லப் போகினம்?" என்றாள்.

உண்மையைச் சொன்னால் நம் காகிதம் எதிலும் அது ஒட்டவில்லை. இந்தப் பொய் மட்டும் எல்லாவற்றிலும் ஒட்டுகிறது. லான் உன்னைப் பெற்றாள் என்று சீட்டில் இருக்கிறது, தகப்பன் இடத்துக் கோடு ஒளித்து வைத்த குடும்பத்துக்கு இருக்கக்கூடியதுதான், லான் சொன்னது பொய் என்று யாரும் சொல்லப் போவதில்லை. வைத்தி சம்மதிக்கவே இல்லை. அப்பா பெயரைக் கெடுக்க நான் டைப் அடிக்க மாட்டேன், இன்னும் திதிகூட வரவில்லை என்று சொல்லி இரண்டு நாள் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டான். மூன்றாம் நாள், பொய்ச் சத்தியம் பண்ணினா ஜெயில்ம்மா என்றான். போகட்டுமே, இந்த வயசில் யாராவது எனக்குச் சமைத்துப் போட்டால் நல்லதுதானே என்றேன். சிரிப்பான் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. அப்புறம் சொன்னேன், அன்றைக்கு உங்கள் அப்பாவைச் சீட்டிலிருந்து எடுத்தார்கள், உன் அக்காவுக்கு அப்பன் இல்லாமல் போனான், அந்தக் காகிதத்தில் நீ படித்தாய். இப்போது அவர் பெயரை அவளுக்குத் திருப்பிக் கொடுப்போம், அதற்கு என் பெயர் போக வேண்டும் என்றால் போகட்டும் என்று. அவன் எழுந்து போய் டைப் மெஷினைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். ஒரு வரி அடித்துவிட்டு ஒரு வரி அழித்தான், முடிக்க விடிந்துவிட்டது.

போன வெள்ளிக்கிழமை ஸ்டேஷன் பக்கத்து மருந்துக்கடைக்கு நானும் வைத்தியும் யோகராணியும் போனோம். இங்கே சத்தியக் கடதாசிக்கு மருந்துக்கடைக்காரரே சாட்சிக் கையெழுத்துப் போடலாமாம். இருமல் மருந்து வாங்க வந்தவர்கள் எல்லாம் பின்னால் நிற்க, அந்த வெள்ளைக்காரர் உன் புருஷன் பெயர் என்ன, நீயே சொல் என்று கேட்டார். நாற்பத்து மூன்று வருஷத்தில் உன் அப்பா பெயரை நான் வாயால் சொன்னதில்லை. யோகராணி சொல்ல வந்தாள், அவர் கையை நீட்டித் தடுத்துவிட்டார். சொன்னேன். முதல் தடவை சொன்னது இதற்காகத்தான் என்று இருக்கிறது. அவர் படித்துப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார், பாவம் இந்தப் பொம்பிளை என்கிற பார்வை. அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

ஆனால் இன்னும் நான் அதைக் காரியாலயத்தில் சேர்க்கவில்லை. உறையில் போட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். லானிடம் கேட்காமல் எப்படி அனுப்புவேன். அவள் தன் புருஷனுக்கு மட்டும் வாழ்க்கைப்பட்டு, அவனும் போய், ஒரே பிள்ளையையும் யுத்தத்தில் கொடுத்துவிட்டு, யார் வாயிலும் விழாமல் இருந்தவள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வெளிநாட்டுக்காரனிடம் பிள்ளை பெற்றாள் என்று அவளை நான் எழுதியிருக்கிறேன். இதை அவளுக்கு அவள் பாஷையில் படித்துக் காட்டு, ஒரு வரியும் மறைக்காதே. அன்றைக்கு எனக்காக ஒரு பொய் சொன்னாள், இன்றைக்கு இன்னொன்று கேட்கிறேன், இது அவளுக்காகவும்தான், காட்டுக்குப் போகாமல் இருக்கத்தான் என்று சொல். மாட்டேன் என்றால் அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, உறையைக் கிழித்துவிடுகிறேன். சரி என்றால் கோபாலகிருஷ்ணனிடம் சரி என்று மட்டும் சொல்லி அனுப்பு, அவர் சிங்கப்பூரிலிருந்து தந்தி அடிப்பார், அன்றைக்கே வைத்தி கொண்டுபோய்க் கொடுப்பான். அங்கே அரசாங்கத்தார் உங்களை விடுவார்களா, எப்போது விடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. வெளிநாட்டில் மனு இருக்கிறவர்களை லாரியில் ஏற்றாமல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று பாரிசில் இருக்கிற நம் ஆட்கள் எழுதுகிறார்கள், அதை நம்பித்தான் இவ்வளவும்.

யார் கேட்டாலும் நீங்கள் இருவரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும், மனப்பாடம் செய்துகொள். உன் அப்பா லானைப் பார்த்தது முப்பத்தாறில், கடைக்குத் தைக்க வந்தபோது. அவள் அப்போது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தன் சித்தியோடு இருந்தாள், அது நிஜம்தான். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவர் அங்கே போவார். செவ்வாய்க்கிழமை கடையில் வியாபாரம் இருக்காது, மேலே துணி மூட்டையில் படுத்துக் குறட்டை விடுவார், அந்தக் குறட்டை நேரத்தைத்தான் அவளுக்குக் கொடுத்திருக்கிறேன். மூத்தாளுக்குத் தெரியுமா என்று கேட்டால், முதலில் தெரியாது, நீ பிறந்த பிறகு தெரிந்தது, சண்டை போட்டாள், பிறகு வாசலில் மெஷின் போட இடம் கொடுத்தாள் என்று சொல். நான் சண்டை போட்டதை நன்றாகவே சொல், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அவர் அவளுக்கு என்ன வாங்கிக் கொடுத்தார் என்று கேட்டால் ஒன்றும் இல்லை என்று சொல்லச் சொல், அவர் கை எப்படிப்பட்டது என்று லானுக்கே தெரியும், அதைக் கேட்டு அவள் சிரித்தாலும் சிரிப்பாள். விஜயா பாரிசில்தான் இருக்கிறாள், எப்படியும் காதுக்குப் போகும், அன்னைக்கே சொன்னேனே என்பாள். சொல்லட்டும். அவள் கேட்டால் நான் ஆமாம் என்பேன், அதற்கும் மனசைத் தயார் செய்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். காதில் இருக்கிற தோட்டைக் கழற்றி அரிசிப் பானையில் போட்டு வை. கூட்டத்துக்குக் கூப்பிட்டால் போ, கடைசி வரிசையில் உட்கார், எதிர்த்துப் பேசாதே, உனக்கு என் வாய். கொசுவலையை எது விற்றாலும் விற்காதே. லானுக்கு இருமல் இருந்தால் மிளகு தட்டிப் போட்டுக் கொடு, அவள் முகம் சுளிப்பாள், விடாதே. மாரியம்மன் உங்கள் இருவருக்கும் துணையாக இருப்பாள், வைத்தி உன்னை நமஸ்கரித்ததாக எழுதச் சொன்னான், உன் அப்பாவின் ஆசீர்வாதமும் உன்னைச் சேர்ந்தது. லான் சரி என்று சொல்லிவிட்டால் இனி நான் எழுதுவதெல்லாம் தபாலில், பிரித்துப் படிக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கும், அதில் பெரியம்மா எழுதிக்கொண்டது என்றுதான் இருக்கும், நீயும் அப்படியே எழுது, இங்கே வந்து இறங்கின பிறகும் ஆட்கள் முன்னால் அப்படித்தான் கூப்பிட வேண்டும், இப்போதே வாய்க்குப் பழக்கு. இதை லானுக்குப் படித்துக் காட்டினதும் அடுப்பில் போட்டுவிடு, எடுத்து வைக்க ஆசைப்படாதே, கடைசி வரியைக்கூடக் கிழித்து வைத்துக்கொள்ளாதே, அதுதான் எல்லாவற்றையும் கெடுக்கும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா